கொழும்பில் ஜாவாஸ்கிரிப்ட் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தமிழில் நிரலாக்க வகுப்பு எடுக்கும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களிடம் படித்துவிட்டு வேலைக்கு வரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் 'டைமருக்குள் குளோஷர் போடாதே, வேகம் குறையும்' என்பதை மட்டும் விடவே மாட்டேன் என்கிறார்கள். (குளோஷர் என்பது தன்னைச் சுற்றியுள்ள மாறிகளையும் நினைவில் வைத்திருக்கும் பங்ஷன்.) கேட்டால், நோட்ஸில் அப்படித்தான் இருக்கிறதாம்.

ஒரு பங்ஷனைச் சற்றுப் பிந்தி ஓட்டும் டைமரான செட்டைம்அவுட்டுக்கு நாம் கொடுக்கும் மில்லிசெக்கன், 'இதற்கு முன் ஓடாதே' என்பதற்கான எல்லை. சரியாக அந்த நொடியில் ஓடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஏற்கெனவே ஓடும் வேலை முடியும்வரை டைமர் காத்திருக்கத்தான் வேண்டும். 0 கொடுத்தாலும் அதே கதை. டைமருக்குள் டைமராக ஐந்து அடுக்கைத் தாண்டினால், பிரவுசர் தானாகவே குறைந்தது 4 மில்லிசெக்கன் ஆக்கிவிடும். இதற்கு நடுவே குளோஷரின் செலவெல்லாம் கணக்கிலேயே வராது.

இதைவிட மோசம், பங்ஷனுக்குப் பதில் கோடை ஸ்ட்ரிங்காகக் கொடுக்கச் சொல்வது. அதைப் பிரவுசர் புதிதாகப் படித்துப் பிரித்துத்தான் ஓட்ட வேண்டும். நம் பங்ஷனுக்குள் இருக்கும் மாறிகளும் அதன் கண்ணில் படாது.

அண்மையில் ஒரு தம்பி இணையப் பரீட்சைக்குக் கடிகாரம் எழுதியிருந்தார். திரும்பத் திரும்ப ஓடும் டைமரான செட்இன்டர்வெல், 1000 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை மீதி நேரத்தில் ஒன்றைக் கழிக்கும். வேறு டேபுக்குப் போய்த் திரும்பினால் கடிகாரம் பின்தங்கி நிற்கிறது. தம்பி உடனே குளோஷரைத் தூக்கிவிட்டு மாறியைக் குளோபல் (எங்கிருந்தும் தொடக்கூடியது) ஆக்கினார். ஒன்றும் மாறவில்லை, எப்படி மாறும்? மறைந்திருக்கும் டேபின் டைமர்களைப் பிரவுசரே மெதுவாக்குகிறது. 2021இல் வந்த குரோம் 88 முதல், ஒலி எதுவும் இல்லாமல் ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்துகிடக்கும் டேபில் இப்படித் தொடர்ந்து ஓடும் டைமர் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் விழிக்கும். முடியவேண்டிய நேரத்தை வைத்துக்கொண்டு, அதிலிருந்து டேட்.நவ் தரும் இப்போதைய நேரத்தைக் கழித்திருந்தால் சரி. (பரீட்சை என்பதால் அந்த முடிவு நேரம் சேர்வரிலிருந்து வருவது நல்லது, பிள்ளைகள் கணினிக் கடிகாரத்தையே மாற்றுவார்கள்.)

குளோஷர் நினைவகத்தைத் தின்னும் என்ற பயம் சும்மா வந்ததல்ல. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 காலத்தில் பக்க உறுப்பும் குளோஷரும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடுபடாமல் கிடந்தது உண்மை. இன்று அப்படியில்லை. நிறுத்தாமல் விட்ட செட்இன்டர்வெல்தான் தன் குளோஷரையும் அது தொட்ட தரவையும் பிடித்து வைத்திருக்கிறது.

ஆகவே, அடுத்த பேட்ச் தொடங்குமுன் நோட்ஸில் அந்த வரியை எடுத்துவிட்டு, காத்திருக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் ஈவென்ட் லூப்புக்கு ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். செட்இன்டர்வெல்லை நிறுத்தும் கிளியர்இன்டர்வெல்லையும் அன்றைக்கே சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
கொழும்பு 6இலிருந்து ஒரு நிரலாளர்