சொல்லாத நெஞ்செரிவு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகனுக்கு,

நேற்று ராவு கோல்ல, "உடம்பு இளைக்க ஸ்லீவ் ஒப்பரேசன்தான்மா செய்யப்போறன், குடலில கை வைக்கிறதில்ல, சின்ன வேலை" எண்டாய். உன்ட நெஞ்செரிவைச் சேர்ஜனுக்குச் சொன்னியா எண்டு நான் கேட்ட உடனே லைன் அறுந்துபோச்சு. அறுந்ததோ, அறுத்தியோ. வொய்ஸ் போட்டா அதை ரெண்டு மடங்கு வேகத்தில ஓடவிட்டுத்தான் நீ கேக்கிறவனாம், தங்கச்சி சொன்னாள். அதுதான் எழுதுறன். எழுத்தை மெதுவாத்தானே வாசிக்கோணும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்து நிண்ட ரெண்டு கிழமையும் நீ நேராப் படுத்துத் தூங்கின ஒரு ராவை நான் காணல்ல. ரெண்டு தலகணி, அதுக்கு மேல அப்பாட பழைய போர்வையை மடிச்சு வைச்சாய். சாமத்தில சாய்மனைக் கதிரைக்கு வந்து இருமிக்கொண்டு கிடந்தாய். கேட்டா தூசி எண்டாய். முப்பது வருஷம் வார்ட்டில மிஸ்ஸியா நிண்டவளுக்கு, தூசி இருமலும் புளி மேல ஏறித் தொண்டையைச் சுடுற இருமலும் ஒண்டா, மனே? உடுப்புத் தோய்க்க எடுக்கக்குள்ள சூட்கேசுக்குள்ள அமிலத்தைக் குறைக்கிற பன்டோப்ரசோல் குளிசைக் காட் கிடந்தது. ரெண்டு வெறுங்காட், மூண்டாவதில பாதி.

ஸ்லீவில இரைப்பையை ஏறக்குறைய 80 வீதம் வெட்டி எடுத்துருவாங்க. மிஞ்சுறது வாழைப்பழம் போல ஒடுங்கின குழாய். அதின்ட கீழ்வாசல் முந்தி மாதிரியே இறுகித்தான் இருக்கும், உள்ளுக்கும் இடமில்ல. அப்ப அமுக்கம் எங்க போகும்? மாரியில முகத்துவாரத்தை மண் அடைச்சுக் கிடந்தா, வாவித் தண்ணி கிறுகி வயலுக்குள்ள ஏறுறதை நீ கண்டிருக்கிறாய். ஆத்துவாய் வெட்டினாத்தான் வடியும். உனக்கு மேல்வாசல் இப்பவே தளர்ந்து கிடக்கு. அமுக்கம் கூடினா அமிலம் அந்தப் பக்கம்தான் ஏறும்.

உடம்பு இளைக்கச் செய்யிற மற்ற ஒப்பரேசன், இரைப்பை பைபாஸ், வேற கணக்கு. மேல 30 மில்லிலீற்றர் அளவு பிடிக்கிற சின்னப் பையைப் பிரிச்சு, அதை நேரா சிறுகுடலோட பொருத்திருவாங்க. மிச்ச இரைப்பை வயித்துக்குள்ளதான் கிடக்கும். ஆனா அதின்ட அமிலமும் பித்தமும் ஒரு மீற்றர் அளவு கீழ போய்த்தான் சாப்பாட்டோட சேரும். நெஞ்சுக்கு ஏறி வாறது நல்லாக் குறையும். 'மினி பைபாஸ்' எண்டு ஒற்றைப் பொருத்து வேலையைச் சொன்னா, பித்தம் மேல வருமா எண்டு கட்டாயம் கேளு.

நான் சொன்னா நம்பமாட்டாய் எண்டு தங்கச்சியைக்கொண்டு தேடுவிச்சன். மருத்துவ பீடத்தில படிக்கிற திமிரில எனக்கே வகுப்பு எடுத்தாள். நீ இருக்கிற ஸ்விஸ்ஸிலேயே 4 ஆஸ்பத்திரிகளில 217 பேரை ரெண்டு பங்காப் பிரிச்சு, 5 வருஷம் பார்த்து 2018இல எழுதியிருக்கிறாங்க. முன்னமே நெஞ்செரிவு இருந்த ஆக்களில பைபாஸ் செய்த 100 பேருக்கு 60 பேருக்கு அது விட்டுப்போச்சு, ஸ்லீவ் செய்தவங்களில 25 பேருக்குத்தான். கூடினது பைபாஸில 6 பேருக்கு, ஸ்லீவில 32 பேருக்கு. உடம்பு இளைச்சதில பெரிய வித்தியாசம் இல்லையாம். பின்லாந்தில 10 வருஷம் கழிச்சுக் குழாய் விட்டுப் பாத்ததில, ஸ்லீவ் ஆக்களில 31 வீதத்துக்கு உணவுக்குழாய் புண்பட்டிருந்தது, பைபாஸில 7 வீதம்.

அதுக்காகப் பைபாஸ் லேசான வேலை எண்டு சொல்லமாட்டன். இரும்பு, பி12, கல்சியம், விற்றமின் டி எண்டு சாகுமட்டும் குளிசையும் ரத்தச் சோதனையும் இருக்கு. எருமைத் தயிருக்கு நீ சீனி அள்ளிப் போடுற கை இருக்கே, அதைக் கட்டோணும். இனிப்பு விறுக்கெண்டு குடலுக்குள்ள இறங்கினா வேர்த்து, படபடத்து, தலை சுத்திப் படுத்திருவாய். விட்டுவைச்ச இரைப்பையை மறுகா சாதாரணக் குழாயால எட்டிப் பாக்கவும் ஏலாது. எப்பவாவது வயித்துக்குத்து தாங்கேலாம வந்தா கேஸ்ட்ரிக் எண்டு படுத்திராத, குடல் உள்ளுக்குச் சிக்கியிருக்கலாம். அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகோணும்.

எனக்குப் பயம் உன்ட முழங்கால்தான். நோவுக்கு நீ ஐபுப்ரோபன் விழுங்குறதையும் கண்டனான். பைபாஸ் செய்தா அந்தக் குளிசை உனக்குப் பகை. பொருத்தின இடத்தில அல்சர் வரும், ரத்தம் கசியும். பரசிற்றமோலோட சமாளிக்க ஏலுமா எண்டு முதல்ல பார். ஏலாட்டி அதையும் சேர்ஜனுக்குச் சொல்லு.

உன்ட 118 கிலோவில என்ட பங்கும் இருக்கு. ராவு ஒன்பதரைக்கு நண்டுக்கறியும் பிட்டும் போட்டு, "இன்னும் கொஞ்சம்" எண்டது நான்தானே. அதை இன்னொரு நாளைக்குப் பேசுவம்.

அடுத்த கிழமை சேர்ஜனிட்டப் போகக்குள்ள பன்டோப்ரசோல் காட்டைக் கையில கொண்டுபோ. எத்தனை வருஷமாப் போடுறாய், ராவில இருமல், வாயில புளிச்ச தண்ணி, எல்லாத்தையும் சொல்லு. எண்டோஸ்கோப்பி பாக்காம எதுக்கும் கையெழுத்து வைக்காத. புண்ணோ, இரைப்பை நெஞ்சுப் பக்கம் மேல ஏறியிருக்கிற ஹயேட்டஸ் ஹேர்னியாவோ இருந்தா பைபாஸைப் பற்றிப் பேசு. ஒண்டும் தெரியாட்டி, மூக்கால மெல்லிய வயர் விட்டு 24 மணித்தியாலம் அமிலம் அளக்கிற சோதனை இருக்கு, அதைக் கேளு. அதிலயும் வடிவா வந்தா ஸ்லீவ் செய், நான் வாய் திறக்கமாட்டன்.

மறந்துபோனன். கிணத்தடி வாழைக்குப் பின்னால கிடந்த சிகரெட் கட்டை ஒன்பதையும் பொறுக்கி எறிஞ்சது நான்தான். சிகரெட் பத்தினாலும் அந்தப் பொருத்தில அல்சர் வரும். சேர்ஜன் கேட்டா இல்லையெண்டு சொல்லாத, ஒன்பது எண்டு சொல்லு.

இப்படிக்கு,
அம்மா