கார்டின் விலையை எழுதும் முன் அதன் நிலையை எழுதுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போக்கிமான் போன்ற சேகரிப்புக் கார்டின் முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் அனுப்பி, "இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டால் நாங்கள் உடனே பதில் சொல்வதில்லை. இதில் சிலருக்கு வருத்தம் இருப்பது தெரியும். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

முதலில், எந்தக் கார்டு என்பதே பெயரை வைத்து முடிவாகாது. 1999-இல் ஆங்கிலத்தில் வந்த போக்கிமான் பேஸ் செட் என்ற தொகுப்பின் சாரிசார்ட் கார்டு எல்லாவற்றிலும் 4/102 என்ற எண்தான் இருக்கும். ஆனால் ஃபர்ஸ்ட் எடிஷன் (முதல் பதிப்பு) முத்திரை உள்ளது ஒன்று, படத்தைச் சுற்றி நிழல் இல்லாதது ஒன்று, சாதாரண அச்சு ஒன்று. மூன்றின் விலைக்கும் இடையே வெகுதூரம். ஆகவே உங்கள் கார்டுகளுக்கு நீங்கள் எழுதி வைக்கும் பட்டியலில் செட், எண், மொழி, எந்த அச்சு என்பதெல்லாம் இருக்கட்டும்.

அடுத்தது நிலை. விலையை ஏற்றுவதும் கவிழ்ப்பதும் பெரும்பாலும் இதுதான். கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பெண் தரும் தரமிடும் நிறுவனங்கள் நான்கைப் பார்க்கின்றன: அச்சு நடுவில் விழுந்திருக்கிறதா, மூலை, ஓரம், மேற்பரப்பு. நீங்களே வீட்டில் பார்க்கலாம். இடது விளிம்பு 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் அச்சு நடுவில் விழுந்த அளவு 60/40. பிறகு கார்டைத் திருப்புங்கள். போக்கிமான் கார்டின் நீல ஓரம் தேய்ந்திருந்தால் உள்ளே இருக்கும் காகிதம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். முன்பக்கப் படத்தில் இது தெரியவே தெரியாது. கடைசியாக, ஒரு விளக்கின் கீழே மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். ஃபாயில் எனும் பளபளக்கும் அடுக்கின் மீதுள்ள மெல்லிய கீறல்கள் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும்தான் பளிச்சிடும். தூசி தெரிந்தால் துணியால் துடைக்காதீர்கள், அதுவே புதுக் கீறலாகிவிடும்.

நிலையை ஒரு முறை எழுதிவிட்டு விட்டுவிடவும் கூடாது. காகிதம் ஈரத்தை இழுத்து விரியும், ஃபாயில் அடுக்கு விரியாது. அதனால்தான் ஈரப்பதம் மாறும்போது ஃபாயில் கார்டு வளைகிறது. பருவம் மாறும்போதெல்லாம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, தேதி போட்டுக் குறித்து வையுங்கள். கார்டைப் போட்டு வைக்கும் ஸ்லீவும் (மெல்லிய உறை) டாப்லோடரும் (கெட்டியான உறை) பிவிசி பிளாஸ்டிக் இல்லாதவையாக இருக்கட்டும்.

சரி, விலைக்கு வருவோம். விற்பவர் கேட்கும் தொகையை எழுதாதீர்கள். அதே அச்சு, அதே நிலையில் உள்ள கார்டு உண்மையில் விற்ற தொகைகளில் அண்மையில் உள்ள சிலவற்றைப் பாருங்கள். அதில் ஆக உயர்ந்ததை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டாம். விலைக்குப் பக்கத்தில் தேதி கட்டாயம். 2021 தொடக்கத்தில் கார்டு மோகம் உச்சத்தில் இருந்தது. வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் பிஎஸ்ஏ நிறுவனம் தன் தரமிடும் சேவைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியே வைத்தது. அந்த நேரத்து விலையைத் தேதியில்லாமல் குறித்து வைத்தவர் இன்றும் அதையே நம்பிக்கொண்டிருப்பார்.

தரமிட்ட கார்டுகளுக்கு நிறுவனத்தின் பெயரையும் சான்று எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பிஎஸ்ஏ தந்த 10 மதிப்பெண்ணும் சிஜிசி என்ற இன்னொரு நிறுவனம் தந்த 10 மதிப்பெண்ணும் ஒரே விலைக்குப் போவதில்லை. சான்று எண்ணை அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்தும் கொள்ளலாம்.

இனி மதிப்புக் கேட்டு எழுதும்போது முன்பக்கம், பின்பக்கம், விளக்கொளியில் சாய்த்து எடுத்தது என மூன்று படங்கள் அனுப்புங்கள். ஸ்லீவிலிருந்து எடுத்துவிட்டுப் படம் பிடிப்பது நல்லது. கைகள் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். பட்டியல் வைத்திருந்தால் அந்த வரியையும் சேர்த்து அனுப்புங்கள்; விலையோடு, ஏன் அந்த விலை என்பதையும் எழுதி அனுப்புகிறோம்.

அன்புடன்,
உங்கள் கார்டு கடையினர்