லிஃப்ட் போடும் முன் டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் வாசகர் ஒருவர், தன்னுடைய பழைய மாருதி ஜிப்ஸியை மலைப்பாதையில் ஓட்டுவதற்கு சஸ்பென்ஷன் லிஃப்ட் (ஸ்பிரிங் பக்கத்தை மாற்றி வண்டியை உயர்த்துவது) போடலாமா, பெரிய டயர் போடலாமா என்று கேட்டிருந்தார். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது என்று மூன்றே வரியில் பதில் வந்திருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் போடிநாயக்கனூரில் 31 வருஷமாக ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் வருபவற்றில் பெரும்பாலானவை ஏலத்தோட்டத்து ஜீப்கள். விடிவதற்கு முன்பே தூக்குவாளியும் கையுமாக நிற்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்துத் தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே வழியில் கூட்டி வரும் வண்டிகள். தார் ரோடு முடிந்து தோட்டத்துக்குள் இறங்கியதும் தொடங்குவதுதான் உண்மையான பாதை. மழைக்காலத்தில் அதற்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியாது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, கிட்டத்தட்ட 7,900 அடி உயரத்துக்கு, ஜீப் ஓட்டுகிற தம்பிகள் சிலரும் என்னிடம்தான் வேலை பார்க்கிறார்கள். அந்தக் கல்பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் வண்டிகளில் எது தேயும், எது உடையும் என்று பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

லிஃப்ட் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் டேப்பைத்தான் கொடுப்பேன். வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஆக்ஸிலின், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சின், நடுவில் குடம் மாதிரித் தொங்குகிறதே கிரவுன் ஹவுசிங் என்கிற பல்சக்கரப் பெட்டி, தரையிலிருந்து அது எவ்வளவு உயரம் என்று அளக்கச் சொல்வேன். தோட்டத்து ஜீப் எதையாவது பாருங்கள், அந்தக் குடத்தின் அடிவயிறு மட்டும் பெயின்ட் போய், பளபளவென்று வெள்ளிக்கோடுகள் விழுந்திருக்கும். பாதை நடுவில் துருத்தி நிற்கும் கல் ஒவ்வொன்றும் போட்ட கோடு அது. வண்டியை நிறுத்துவதும் எண்ணெயைக் கொட்ட வைப்பதும் பெரும்பாலும் அந்த இடம்தான். இப்போது 2 அங்குல லிஃப்ட் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பாடி ஏறும், சேஸி ஏறும், பம்பர் ஏறும். திரும்பப் படுத்து அளந்தால் குடம் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும், ஒரு நூல்கூட ஏறியிருக்காது. ஆக்ஸில் உட்கார்ந்திருப்பது சக்கரத்தின் மேல். அதைத் தூக்க சக்கரத்தால் மட்டும்தான் முடியும்.

கேட்டவர் ஜிப்ஸிக்காரர் என்பதால் அந்த வண்டியின் கணக்கையே சொல்கிறேன். ஜிப்ஸிக்கு முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். கம்பெனி டயர் 205/70 ஆர்15 (அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், ரிம் 15 அங்குலம்). அதன் மொத்த உயரம் 668 மில்லிமீட்டர். பலரும் ஆசைப்பட்டு மாற்றுகிற 235/75 ஆர்15 டயரின் உயரம் 733. வித்தியாசம் 65 மில்லிமீட்டர் என்றாலும் ஆக்ஸில் ஏறுவது அதில் பாதிதான், ஏறக்குறைய 33. ஒன்றே கால் அங்குலம் என்று வையுங்கள். சின்ன அளவுதான், ஆனால் கல்லுக்கும் குடத்துக்கும் நடுவில் கிடைக்கிற ஒன்றே கால் அங்குலம் அது. அதே வண்டியில் ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 66-க்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இது கணக்குக்காகச் சொன்னது, போடச் சொல்லவில்லை. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

புது மஹிந்திரா தார் வண்டிக்காரர்கள், அண்ணே எங்களுக்கு முன்னால் முழு ஆக்ஸில் கிடையாதே என்பார்கள். சரிதான். 2020-இல் வந்த தாரில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும், லிஃப்ட் போட்டால் முன் டிஃபரன்ஷியல் (முன்பக்கத்துப் பல்சக்கரப் பெட்டி) சேஸியோடு சேர்ந்தே ஏறிவிடும். ஆனால் பின்னால் முழு ஆக்ஸில்தான், அந்தக் குடம் அங்கே அப்படியே இருக்கிறது. லிஃப்ட் போட்டபின் முன்னால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை இறங்கி நிற்பதால் ஆக்ஸில் ஷாஃப்டின் ஜாயின்ட் எந்நேரமும் கோணலாகவே சுற்றி, அதன் ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும். கிரீஸ் வெளியேறி மண் உள்ளே போனால் அப்புறம் அந்த ஜாயின்ட் அதிக நாள் தாங்காது.

தாரைப் பற்றி இன்னொன்று. அதில் 18 அங்குல ரிம்மில் 255/65 டயரும் உண்டு, 16 அங்குல ரிம்மில் 245/75 டயரும் உண்டு. 18 அங்குலம்தான் பெரிய டயர் என்று நினைத்துச் செலவு செய்கிறார்கள். மொத்த உயரம் ஒன்று 789 மில்லிமீட்டர், மற்றது 774. ஆக்ஸில் உயரத்தில் வித்தியாசம் 7 மில்லிமீட்டர்தான். ஆனால் கல்லில் மோதும்போது ரிம்மைக் காப்பாற்றுகிற பக்கச்சுவர் 16 அங்குலத்தில் 184 மில்லிமீட்டர் இருக்கிறது, 18 அங்குலத்தில் 166. கல்பாதைக்குப் போகிறவருக்கு நான் 16-ஐத்தான் சொல்வேன். பெரிய ரிம்மை டயர் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

லிஃப்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீளமான சேஸி ஜீப் ஒரு மேட்டைத் தாண்டும்போது முன்சக்கரம் அந்தப் பக்கம், பின்சக்கரம் இந்தப் பக்கம், வயிறு மேட்டின் மேல் என்று மாட்டிக்கொள்ளும். அங்கே லிஃப்ட் உதவும். ஓடைக்கரையில் ஏறும்போது பம்பர் மண்ணில் குத்துகிற வண்டிக்கும் உதவும். ஆனால் என்னிடம் லிஃப்ட் கேட்டு வந்த வண்டிகளில் பாதிக்குமேல் எனக்குத் தெரிந்தவரை பட்டை படுத்துப்போன வண்டிகள்தான். பத்து, பதினைந்து வருஷம் பாரம் ஏற்றி ஏற்றி வளைவு போய், பட்டைகள் நேராகிக் கிடக்கும். நடுவில் ஒரு பட்டை ஒடிந்தே இருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்பிரிங் பட்டறையில் கொடுத்து வளைவு எடுத்து, ஒடிந்ததை மாற்றி, புஷ்ஷும் யு-போல்ட்டும் புதிதாகப் போட்டால் வண்டி தன் பழைய உயரத்துக்கு எழுந்து நிற்கும். கம்பெனி கொடுத்த உயரம் அது, யாரும் கேள்வி கேட்க முடியாது.

இதெல்லாம் எனக்குப் பிறவியிலேயே தெரிந்ததில்லை. 2009-இல் ஒரு தோட்டத்து ஜீப்புக்கு நானே நீளமான ஷாக்கிள் (பட்டையின் நுனியைச் சேஸியோடு கோக்கும் இணைப்பு) செய்து மாட்டிக் கொடுத்தேன். வண்டி கம்பீரமாக நின்றது, எனக்கும் பெருமையாக இருந்தது. மூன்றாவது வாரம் சாயங்காலம் அந்த ஓட்டுநர் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கி, ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்தார். மெட்டு இறங்கும்போது ஒரு வளைவில் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கிறது. பின்னால் வேலை முடிந்து வரும் பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒரு கணம்தான், திரும்பச் சக்கரம் தரையில் பட்டுவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியைக் குழி மேல் ஏற்றி விளக்குப் பிடித்துப் பார்த்தேன். பிரேக் எண்ணெய் போகும் முன்பக்க ரப்பர் ஹோஸ் நரம்பு மாதிரி விறைத்து நின்றது. பித்தளை முனை சேருகிற இடத்தில் ரப்பர் முடிபோல வெடித்திருந்தது. நகத்தால் அழுத்தினேன், வெடிப்பு வாய் திறந்தது, ஈரம் தெரிந்தது. எஞ்சினின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயின்ட் ஒரு பக்கம் நீலம் பாரித்து ஆட்டம் கண்டிருந்தது. நான் உயர்த்தியது 2 அங்குலம். அதற்கேற்ற நீளமான ஹோஸ் போடவில்லை, ஷாஃப்டின் கோணத்தைச் சரி செய்யவில்லை, ஆள் ஏற்றுகிற வண்டியின் பாரம் எங்கே போய் நிற்கும் என்று யோசிக்கவில்லை. அந்த ராத்திரியே கழற்றிப் போட்டேன். அன்றிலிருந்து ஆள் ஏற்றும் வண்டிக்கு லிஃப்ட் வேலை செய்வதில்லை.

டயரிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. டயர் பெரிதானால் கியர் இழுவை குறையும், ஏற்றத்தில் வண்டி திணறும். அதைவிட இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். இரண்டாவது கியரில் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற பலம் குறைந்துபோகும், மிச்ச வேலையெல்லாம் பிரேக்கின் தலையில் விழும். மெட்டு இறங்கி முந்தல் வந்து சேர்வதற்குள் பிரேக் டிரம் கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் அகலமான டயர் பட்டையிலோ மட்கார்டிலோ உரசும். அழகுக்காக வெளியே தள்ளி நிற்கிற ரிம் போட்டால் வீல் பேரிங் சீக்கிரம் போகும்.

அப்படியானால் என்னதான் செய்வது? கம்பெனி அந்த மாடலுக்குக் கொடுத்திருக்கிற அளவிலேயே, பாதைக்கேற்ற பட்டன் (தரையைக் கவ்வும் தடித்த ரப்பர் கட்டைகள்) உள்ள நல்ல டயர் வாங்குங்கள். தேய்ந்த ரோடு டயரோடு லிஃப்ட் போட்ட வண்டி சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றுவதையும், அதே சேற்றில் தோட்டத்துப் பழைய ஜீப் பட்டன் டயரோடு முனகிக்கொண்டே ஏறிப்போவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் காற்று. டியூப்லெஸ் டயரில், ஆள் பாரம் இல்லாதபோது, 30-க்கு மேல் இருக்கும் காற்றைப் பாதைக்குள் போனதும் 20 பவுண்டுக்குப் பக்கத்தில் இறக்கிப் பாருங்கள். டயர் தரையில் நீளமாகப் படுத்துக் கல்லைக் கவ்வும், குலுக்கலும் பாதியாகும். மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்று நிரப்ப வேண்டும். டியூப் போட்ட டயரில் இவ்வளவு இறக்காதீர்கள். டயர் ரிம்மில் நகர்ந்து வால்வைப் பிடுங்கிவிடும். ஆள் ஏற்றிய வண்டியில் இறக்கவே கூடாது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும், உங்கள் பதிலில் அது ஒரு வரிகூட இல்லை. ஆர்சி புத்தகத்தில் இருக்கிற விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் இதைத்தான். மேலே சொன்ன 235 டயரை நான் போடச் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

என் கவலை வார இறுதியில் மலை ஏறுகிற இளைஞர்களைப் பற்றி மட்டும் இல்லை. அவர்கள் இரண்டு, மூன்று வருஷம் ஓட்டிவிட்டு விற்கிற வண்டிகள் எங்கே வருகின்றன தெரியுமா? இங்கேதான் வருகின்றன. லிஃப்டோடும் தள்ளி நிற்கும் ரிம்மோடும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, டிரிப் ஓட்ட விட்டுவிடுகிறார்கள். முதல் சொந்தக்காரர் அந்த வண்டியில் இரண்டு பேரோடு போனார். இப்போது அதில் இருக்கை கொள்ளாமல் பெண்கள் போகிறார்கள், காலடியில் ஏலக்காய் மூட்டை வேறு. அந்தப் பெண்களில் யாருக்கும் தாங்கள் உட்கார்ந்திருக்கிற வண்டி 2 அங்குலம் தூக்கப்பட்டது என்று தெரியாது. என் அக்காவும் பல வருஷம் அப்படி மலை ஏறி வேலைக்குப் போனவர்தான். சாயங்காலம் ஜீப் வர அரை மணி நேரம் தாமதமானால் வீட்டில் யாரும் அடுப்புப் பற்ற வைக்க மாட்டோம், வாசலையே பார்த்துக்கொண்டு நிற்போம்.

ஆகவே வரும் ஞாயிறு அதே பக்கத்தில் அந்தப் பதிலைத் திருத்தி வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் நம்மூரில் அதிகமாக ஓடும் ஜீப், தார், ஜிப்ஸி, ஜிம்னி வண்டிகளுக்குக் கம்பெனி அனுமதிக்கிற டயர் அளவுகளை ஒரு சின்ன அட்டவணையாகப் போடுங்கள். வெட்டி எடுத்து என் பட்டறைச் சுவரிலேயே ஒட்டி வைப்பேன். கேள்வி கேட்ட வாசகர் இந்தப் பக்கம் வந்தால் வண்டியைக் குழி மேல் நிறுத்திப் பட்டை, ஹோஸ், கிராஸ் எல்லாவற்றையும் பார்த்துத் தருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
ஜீப் பட்டறைக்காரர் ஒருவர்,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.