குழாயை இப்போதே பிரித்துவிடு

கோவில்பட்டி

அன்புள்ள கோமதி,

உன் கடிதமும் பேத்தியின் போட்டோவும் கிடைத்தன. நெற்றி அப்படியே உன் அம்மாவுடையது. பிள்ளை பெற்ற உடம்பு, மகளை நன்றாகப் பார்த்துக்கொள். இங்கே அவருக்கு மூட்டுவலி கொஞ்சம் தேவலை. காலையில் தெருமுனை வரை நடக்கிறார்.

வீட்டு வேலை தளம் வரை வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் குளியலறை, துணி துவைக்கும் இடம், சமையலறை, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே குழாயில் சேர்த்து செப்டிக் டேங்கில் விடப்போகிறார்கள் என்கிறாயே, அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கழிப்பறைக்கு ஒரு குழாய், மற்றவற்றுக்குத் தனிக் குழாய் என்று இப்போதே பிரிக்கச் சொல். இன்றைக்குக் கொஞ்சம் பி.வி.சி. குழாயும் அரைநாள் கூலியும்தான் கூடுதல் செலவு. டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைத்தால் தரையை உடைக்க வேண்டும்.

நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. அதில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கழிப்பறைக்குப் போகாத தண்ணீர். நாலு பேர் இருக்கிற வீட்டில் தினமும் 350 லிட்டர் என்று வை. 2019இல் சென்னையில் லாரித் தண்ணீருக்காக மக்கள் குடத்தோடு நின்றதைப் பார்த்தோமே, அப்போதும் இந்தத் தண்ணீர் சாக்கடையில்தான் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

இந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து மரங்களுக்கு விடலாம். அதற்கு மோட்டாரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். பின்பக்கம் பத்தடி நீளம், நாலரை அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சிமெண்ட் பூசிய தொட்டி போதும். தண்ணீர் நுழையும் பக்கம் பெரிய கல், நடுவில் சின்ன ஜல்லி, வெளியேறும் பக்கம் மறுபடி பெரிய கல். மேலே கல்வாழையோ சம்போ வெட்டிவேரோ நடலாம். செடி அழுக்கைக் குடித்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பாலான வேலையைச் செய்வது ஜல்லியிலும் வேரிலும் படிந்து வாழும் நுண்ணுயிர்கள். வேர் அவற்றுக்கு இருக்க இடமும் கொஞ்சம் ஆக்சிஜனும் தருகிறது. 1950களில் ஜெர்மனியில் கேத்தே ஸைடல் என்ற பெண் விஞ்ஞானி நாணல் கோரைகளை வைத்து இதை ஆராய ஆரம்பித்தார். நம் பாட்டிமார் கொல்லைச் சலதாரையை வாழைக்கும் சேம்புக்கும் திருப்பிவிட்டிருந்ததும் இதே வழியில்தான்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல், தண்ணீர் ஜல்லிக்கு மேலே தெரியவே கூடாது. வெளிக்குழாயின் வாய் ஜல்லி மட்டத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் கீழே இருந்தால் போதும். கொசு முட்டையிட இடமே இருக்காது. இந்த அளவுத் தொட்டியில் தண்ணீர் இரண்டு மூன்று நாள் ஊர்ந்து வெளியே வரும். வந்ததை அன்றன்றைக்கே பாய்ச்சிவிடு, தேக்கினால் நாறும். வாழை, தென்னை, முருங்கைக்கு அருமையான தண்ணீர். கீரை, கொத்தமல்லிப் பக்கம் மட்டும் விடாதே, கிருமி முழுவதும் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. சமையலறைத் தண்ணீர் எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். ஜல்லித் தொட்டிக்கு முன்னால் சின்னதாக ஒரு தொட்டி கட்டி, மேலே மிதப்பதை வாரத்துக்கு ஒருமுறை அள்ளிப் போட வேண்டும். அள்ளாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். பேத்தியின் பீத்துணி அலசும் தண்ணீர் கழிப்பறைக் குழாயில்தான் போக வேண்டும், மறந்துவிடாதே.

எல்லாவற்றையும் விட முக்கியம் நாம் என்ன சோப்பு போடுகிறோம் என்பது. எங்கள் கரிசல் மண்ணைப் பார்த்தவள் நீ. மலிவான சோப்புத்தூளில் சலவை சோடாதான் நிறைய. அதில் உள்ள சோடியம் கல்வாழைத் தொட்டியில் தங்காமல் தண்ணீரோடே வந்துவிடும். களிமண்ணில் அது சேரச்சேர மண் இறுகிப் போகும், தண்ணீர் கீழே இறங்காது. அதனால்தான் தூளை நான் அளந்து போடுகிறேன். பட்டுக்கும் மெல்லிய துணிக்கும் பூந்திக்கொட்டை, தலைக்குச் சீயக்காய். நல்ல மழை பெய்தால் மண்ணில் சேர்ந்த உப்பும் கொஞ்சம் கழுவிக்கொண்டு போகும்.

2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எத்தனை பேர் முணுமுணுத்தார்கள்! இன்று அது வீடு கட்டுவதில் ஒரு பகுதி ஆகிவிட்டது. இந்த இரண்டாவது குழாய்க்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது என் கட்சி.

உன் கொத்தனார் ஜல்லி அடைக்கும், வாடை வரும் என்றெல்லாம் சொல்லுவார். அடைத்தால் நுழையும் பக்கத்துக் கல்லை மட்டும் எடுத்து அலசிப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல். அப்படியும் தயங்கினால் என்னோடு போனில் பேசச் சொல். தொட்டியைப் பிறகுகூடக் கட்டிக்கொள்ளலாம், குழாய்தான் இப்போது அவசரம்.

பேத்திக்குப் பெயர் வைக்கும்போது நாங்கள் இருவரும் மதுரைக்கு வருகிறோம். கல்வாழைக் கிழங்கு வேண்டிய மட்டும் கொண்டுவருகிறேன், சிவப்பும் மஞ்சளும் இருக்கிறது. தளம் என்றைக்குப் போடுகிறார்கள் என்று உடனே எழுது.

அன்புடன்,
வேலம்மாள்