வெளுத்ததும் நிலைத்ததும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். நமது தாவரச் சாயச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. துணிக்குச் சாயமேற்றும் பயிற்சியும் அச்சுப் பயிற்சியும் மாறி மாறி நடந்தன. கூட்டக் குறிப்புகள் பதிவேட்டில் இருக்கின்றன. விரும்புவோர் எடுத்துப் பார்க்கலாம். அவற்றை இங்கே வாசித்து உங்கள் நேரத்தை எடுக்கப்போவதில்லை. இந்த ஆண்டு நம் வேலையையே மாற்றியது ஜன்னலோரம் மாட்டியிருந்த ஓர் அட்டை. அதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும்.

சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "நாம் சாயமேற்றிக் கொடுக்கும் துணி எத்தனை நாள் இதே நிறத்தில் இருக்கும்?" என்று கேட்டார். நம்மில் யாராலும் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்று மாலையே செயற்குழு ஒரு முடிவெடுத்தது. நாம் பயன்படுத்தும் ஒவ்வொரு சாயத்திலும் விரல் அகலத் துணித்துண்டு ஒன்றை எடுத்து, வரிசையாக அட்டையில் ஒட்டினோம். பாதித்துண்டைக் கறுப்புக் காகிதத்தால் இறுக மூடினோம். மறுபாதியை வெயிலுக்குக் காட்டி ஜன்னலில் மாட்டினோம். துணி ஆய்வகங்களிலும் இதே முறைதான். அங்கே நீலக் கம்பளி அளவுகோல் என்று 8 துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, எந்தத் துண்டோடு சேர்ந்து சாயம் வெளுக்கிறது என்று பார்த்துத் தரம் சொல்வார்கள். நம்மிடம் அந்த அளவுகோல் இல்லை. ஆனாலும் நமக்குத் தேவையான விடை கிடைத்தது.

காகிதத்தை உரித்த நாளை நான் மறக்கமாட்டேன். மஞ்சள் கிழங்குச் சாயத்தில், மூடியிருந்த பாதி பளிச்சென்று இருந்தது. வெயில் பட்ட பாதியில் வெளிறிய பால் நிறம்தான் மிச்சம். சங்குப்பூ நீலம் சாம்பலாகியிருந்தது. பீட்ரூட் ஏற்றிய துண்டில் சாயம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. வெங்காயத் தோல் மங்கிப் பழுப்பேறியிருந்தது. மாதுளைத் தோல் ஓரளவு தாக்குப்பிடித்தது. மஞ்சிட்டி வேரின் சிவப்பிலும் அவுரி நீலத்திலும் கோடு எங்கே விழுந்தது என்று கண்ணை இடுக்கித் தேட வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. மஞ்சிட்டி வேரிலுள்ள செந்நிறப் பொருள்கள், படிகாரத்தின் அலுமினியத்தோடு பிணைந்து நூலிழையைப் பற்றிக்கொள்கின்றன. அவுரி நீலமோ நீரில் கரையாதது; அதைக் கரைய வைத்து இழைக்குள் புகுத்திவிட்டால், காற்றுப் பட்டதும் அங்கேயே மறுபடி கரையாப் பொருளாகித் தங்கிவிடுகிறது. பெரு நாட்டின் ஹுவாகா பிரியேட்டாவில் கிடைத்த, சுமார் 6,000 ஆண்டுப் பழமையான பருத்தித் துணியில் அவுரி நீலத்தை ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். பூக்களின் நீலமும் ஊதாவும் அப்படிப்பட்டவை அல்ல. புளிப்புப் பட்டால் சிவந்து, சோடா போன்ற காரம் பட்டால் பச்சையாகி, வெயில் பட்டால் போய்விடும்.

ஆகவே தொடக்கநிலைப் பயிற்சியின் துணிப் பாடத்திலிருந்து பீட்ரூட்டையும் பூச்சாறுகளையும் நீக்கினோம். சிலருக்கு இதில் வருத்தம். முதல் நாளிலேயே ஊதா நிறம் கண்ணுக்கு விருந்தாக வந்தால் புதியவர்களுக்கு ஆர்வம் பிறக்கும் என்று வாதிட்டார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் மூன்று சலவையில் போய்விடும் நிறத்தை "சாயம்" என்று கற்றுக்கொடுப்பது சரியல்ல என்பதே என் கருத்து. செயற்குழுவும் அதையே ஏற்றது.

முன்வேலைக்கு இனி ஒரு முழு நாள் ஒதுக்கப்படும். பருத்தித் துணியைச் சலவைச் சோடா கலந்த நீரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வைத்தபோது, வெள்ளை வெளேரென்று இருந்த துணியிலிருந்து தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அந்த மெழுகும் பசையும் போகாமல் எந்தச் சாயமும் சீராக ஏறாது. பருத்திக்கு முதலில் கடுக்காய் நீர், பிறகு படிகாரம் என்ற வரிசை மாறக்கூடாது. பட்டும் கம்பளியும் படிகாரத்தைத் தாமே ஏற்கும். பருத்திக்குக் கடுக்காயின் துவர்ப்பு துணை வேண்டும். படிகாரம், உலர்ந்த துணியின் எடையில் 15 சதவீத அளவில் நன்றாக வேலை செய்தது.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். நிறத்தைக் கருமையாக்கும் இரும்பு உப்பான அன்னபேதியைத் துணி எடையில் 2 முதல் 4 சதவீதத்துக்குள் வைக்க வேண்டும். ஒரு பயிற்சி நாளில் தராசு பழுதானதால் கரண்டியால் அள்ளிப் போட அனுமதித்தேன். மாதுளைச் சாயத்தில் அழகான கருஞ்சாம்பல் வந்தது, எல்லோரும் மகிழ்ந்தோம். சில மாதங்களில் அந்தத் துணிகள் மடிப்போரமாக இற்றுப்போயின. மிஞ்சிய இரும்பு இழையைத் தின்றுவிட்டது. அந்த உறுப்பினர்களிடம் இந்த மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்கிறேன். தராசு இல்லாத நாளில் இரும்பைத் தொடுவதில்லை என்பது இனி விதி.

அவுரித் தொட்டி இவ்வாண்டின் பெரிய மகிழ்ச்சி. அவுரித் தூள் 1 பங்கு, சுண்ணாம்பு 2 பங்கு, பழச்சர்க்கரை 3 பங்கு என்ற கணக்கில் போட்டோம். முதல் தொட்டி வெறும் நீல நீராகவே கிடந்தது, சூடு போதவில்லை. சூடாக்கி மெல்லக் கிளறிக் காத்திருந்தபின், மேலே செம்புத் தகடு போன்ற ஏடு படர்ந்து நடுவில் நீல நுரை பூத்தது. ஏட்டை விலக்கினால் அடியில் தெளிந்த தேன் நிற நீர். தொட்டியில் முக்கிவைத்த துணியை வெளியே எடுத்தபோது அது பசுமஞ்சளாக இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். விளிம்பில் தொடங்கிய நீலம் மடிப்புகளுக்குள் ஊர்ந்து போவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஒரே முறை நெடுநேரம் ஊறவைப்பதைவிட, சிறிது நேரம் முக்கிக் காற்றாட விட்டு மறுபடி முக்குவதே ஆழ்ந்த நிறம் தருகிறது. பலமுறை முக்கிய துண்டுகள் மாதிரி ஏட்டில் உள்ளன.

அச்சுப் பிரிவில், சாயத்தை நேரடியாக அச்சிடுவதைக் கைவிட்டு, நிறமூன்றியை, அதாவது சாயத்தை இழையோடு பிணைக்கும் படிகாரம், இரும்பு போன்ற உப்பை, அச்சிடும் முறைக்கு மாறினோம். பிசின் சேர்த்துக் கெட்டியாக்கிய படிகாரக் கூழை ஒரு கட்டையாலும் இரும்புக் கூழை இன்னொரு கட்டையாலும் பதித்துச் சில நாள் உலரவிட்டு, பிசினைக் கழுவி, மஞ்சிட்டித் தொட்டியில் ஒன்றாகப் போட்டோம். படிகாரம் பட்ட இடம் சிவந்தது. இரும்பு பட்ட இடம் கருஊதாவானது. ஒரே தொட்டியில் இரு நிறம்! தொட்டியைக் கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பேறும் என்பதால் ஒருவர் வெப்பமானியோடு பக்கத்திலேயே நின்றார். படிகாரக் கூழுக்கு நிறமில்லாததால் முதலில் பதித்த இடம் தெரியாமல் தடுமாறினோம். பழைய அச்சுக்காரர்களைப் போல் கூழில் சிவப்புச் சாயம் தரும் பதங்கக் கட்டையின் நீரைச் சிறிது கலந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது.

இனித் தாள். ஜன்னல் அட்டையில் தோற்ற நிறங்களுக்கு இடம் கிடைத்தது இங்கேதான். தாவரச் சாறு பூசிய தாளில் சூரிய ஒளியால் படம் எடுக்கலாம் என்பதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842-இல் விரிவாக எழுதினார். சாற்றை வடிகட்டி, இருட்டறையில் தாளின்மேல் இரண்டு மூன்று பூச்சுப் பூசி, உலர்த்தி, இலையை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைக்க வேண்டும். ஒளி பட்ட இடம் வெளுக்கும். இலையின் நிழல் நிறமாக நிற்கும். பூச்சாறுகளுக்குப் பல நாள், சிலவற்றுக்கு வாரக்கணக்கும் ஆயிற்று. மஞ்சள் கிழங்குக்குச் சில மணி நேரமே போதும். துணியில் நம்மை ஏமாற்றிய அதே மஞ்சள்!

கண்ணாடியை எடுத்து, இலையை மெல்ல உரித்தார் நம் இளைய உறுப்பினர். வெளிறிய தாளில் மஞ்சள் இலை ஒன்று காம்போடு கிடந்தது. அதை வெண்காரக் கரைசலில் நழுவவிட்டார். மஞ்சள் முழுதும் செங்கல் நிறத்துக்கு மாறியது. பல் பல்லான இலை விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. இந்தப் படங்களை நிலைப்படுத்த வழியில்லை. ஆகவே உறையிலிட்டு இருட்டில் வைத்திருக்கிறோம்; கூட்டம் முடிந்ததும் சிறிது நேரம் மட்டும் திறந்து காட்டுவோம்.

எஞ்சிய சாய நீரையும் வீணாக்கவில்லை. படிகாரம் கரைத்துச் சோடாக் கரைசல் ஊற்றினால் நுரைத்துப் பொங்கி வண்டலாகப் படியும். அதை வடித்து, உலர்த்தி, அரைத்துப் பிசினோடு குழைத்தால் தாளுக்கான வண்ணம் தயார். இந்த ஆண்டு வாழ்த்து அட்டைகள் அத்தனையும் அதில் அச்சிட்டவையே.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். தாவரம் என்பதால் எல்லாம் தீங்கற்றதாகிவிடாது. சாயப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது. தூள் அளக்கும்போது முகக்கவசமும் சுண்ணாம்பைக் கையாளும்போது பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். குரோமிய உப்புகள் நம் கூடத்துக்குள் வரக்கூடாது.

தோட்டத்தில் நட்ட மஞ்சிட்டி வேர்பிடித்துவிட்டது. 3 ஆண்டு போகாமல் தோண்டக் கூடாது. ஆவலை அடக்கிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். அட்டையை நாள்தோறும் திருப்பி வைத்து, தேதி தவறாமல் குறித்த உறுப்பினர்களுக்கும், தொட்டி காத்தவர்களுக்கும், கூடத்தைத் துடைத்துக் கொடுத்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு இரு தீர்மானங்களை முன்மொழிகிறது: புதிய தராசு வாங்குவது, சங்கத்திலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு துணியோடும் சாயம், நிறமூன்றி, வெயில் சோதனை முடிவு மூன்றையும் எழுதிய சீட்டை இணைப்பது. இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்