ஆறு மணிக்குக் குளத்துக்குப் போங்க, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன வாரம் போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "குடியை நிறுத்தி 41 நாள் ஆச்சுங்க மாமா. பகலெல்லாம் கம்பெனியில ஓடிடுது. சாயங்காலம் ஆறு மணி ஆனாத்தான் என்ன பண்றதுன்னே தெரியலீங்க." பெயர் போடாமல் பொதுவில் எழுதுங்கள், நம்மைப் போல இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்று சொன்னதும் நீங்கள்தான். அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.

அந்த ஆறு மணி எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருசத்துக்கு முன்னால் நானும் அதில் மாட்டிக்கொண்டு முழித்தவன். குடியை விட்டால் அது தனியாகப் போவதில்லை. உட்கார்ந்த இடம், கூட இருந்த ஆட்கள், பேசிய பேச்சு எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. ஆறிலிருந்து எட்டு வரை வெறும் குழிதான் மிச்சம். டிவி முன்னால் உட்கார்ந்தால் அந்தக் குழி இன்னும் ஆழமாகத் தெரியும். உங்க அக்கா காபி வேணுமா என்று கேட்டால்கூட எரிந்து விழுந்திருக்கிறேன்.

அந்த வருசம் மாசியில் கோயம்புத்தூர் பக்கம் சிவன் கோயில் இருக்கிற வெள்ளியங்கிரி மலை ஏறினேன். மூங்கில் தடியை ஊன்றி ஏழு மலையும் ஏறி, விடியற்காலைக் குளிரில் மேலே நின்றபோது அழுதுவிட்டேன். இனிமேல் நான் வேற ஆள் என்று நினைத்துக்கொண்டே அடிவாரத்துப் பூண்டிக்கு இறங்கினேன். நாலாம் நாள் மதுக்கடை வாசலில் நின்றேன். மலையைக் குறை சொல்லவில்லை, இன்றைக்கும் அதை நினைத்தால் கை தானாகக் கும்பிடும். ஆனால் மலைக்கு வருசத்தில் ஒரு நாள்தான் போக முடிகிறது. ஆறு மணி தினமும் வருகிறதே.

எனக்குக் கைகொடுத்தது எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, விட்டுப்போன மூணு ஏக்கர் கொரங்காடு. அப்பாவுக்கு முழங்கால் முடியாமல் போனதால், சாயங்காலம் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிக் கட்டுத்தரையில் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. வேண்டாவெறுப்பாகத்தான் போனேன்.

வெளியூர்க்காரர்கள் படித்தால் குழம்பிவிடக் கூடாது. நம் பக்கத்தில் காடு என்றால் யானை, புலி உள்ள காடு என்று மட்டும் அர்த்தமில்லை. மானாவாரி நிலமும் காடுதான். அதில் மேய்ச்சலுக்கென்றே விட்டது கொரங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், தரையில் கொழுக்கட்டைப்புல். காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம். ஊட்டி மாதிரி யாரும் அங்கே நின்று போட்டோ எடுக்க மாட்டார்கள். வெயிலில் வெளுத்துப்போன பூமி, அவ்வளவுதான்.

சித்திரையில் கிளுவையில் ஓர் இலை இருக்காது. முள்ளும் குச்சியுமாக நிற்கும். செத்த வேலி என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள் மாடு தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது சும்மா ஒரு கிளையை நகத்தால் கீறினேன். காகிதம் மாதிரி மெல்லிசான தோல் சுருண்டு வந்தது. அடியில் நல்ல பச்சை. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, மோந்து பார்த்தால் பிசின் வாசம். பக்கத்துக் கிளையைக் கீறினேன், அதுவும் பச்சை. வேலி ஓரமாகவே நடந்து கீறிக்கொண்டே போனேன். இருபது வருசமாக வண்டியில் அந்த வேலியைத் தாண்டிப் போய் வந்திருக்கிறேன், ஒரு நாளும் தொட்டதில்லை. மாடு கத்தின சத்தத்தில்தான் நினைவு வந்து மணியைப் பார்த்தேன். ஏழே கால். ஆறு மணி என்னைக் கேட்காமலேயே போயிருந்தது.

அது எப்படி நடந்தது என்று ரொம்ப நாள் யோசித்தேன். அப்புறம் படித்த இரண்டு விஷயம் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 38 பேரில் பாதிப் பேரைப் புல்லும் மரமும் உள்ள வழியிலும், மீதிப் பேரை வண்டி ஓடும் பெரிய ரோட்டோரமும் 90 நிமிடம் நடக்கவிட்டார்கள். புல்வெளியில் நடந்தவர்களுக்கு, தன்னைப் பற்றிய கவலையையே மனசு திரும்பத் திரும்ப அசைபோடுவது குறைந்திருந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியும் கொஞ்சம் அடங்கியிருந்தது. ரோட்டோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. மனசு அப்படி அசைபோடுவதுதான் குடிக்கிறவனுக்கும் குடியை விட்டவனுக்கும் பொதுவான நோய் என்று நான் நினைக்கிறேன். "ஏன் இப்படி ஆனேன், அவன் என்ன நினைப்பான், நான் எதற்கு லாயக்கு" என்று ஒரே வாய்ப் புல்லை ராத்திரி முழுக்க மென்றுகொண்டிருந்தவன் நான். கிளுவையைக் கீறிய அந்த ஒரு மணி நேரம் என்னைப் பற்றிய நினைப்பே எனக்கு இல்லை.

இன்னொன்று 2019-ல் வந்தது. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் விவரம் கேட்டதில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் இருந்தவர்கள், அங்கே போகாதவர்களைவிட உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே தடவையாகப் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் ஒன்றுதான். போனதால் நன்றாக இருந்தார்களா, நன்றாக இருப்பவர்கள்தான் வெளியே போனார்களா என்பது அதை வைத்து முடிவாகாது. ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்பது ஷிப்மென்ட் நெருக்கடியிலும் உங்களால் முடிகிற கணக்குதானே.

திருப்பூரில் கொரங்காட்டுக்கு எங்கே போவது என்பீர்கள். ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் நஞ்சராயன் குளம் இருக்கிறது. 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சாயத்தண்ணியில் நொய்யல் நிறம் மாறியதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, அதே ஊரில் இப்படியொரு குளம் மிஞ்சியிருப்பதே பெரிய ஆறுதல். அங்கே போய் முக்குளிப்பான் என்கிற சின்ன நீர்ப்பறவையைப் பாருங்கள். இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில் பழுப்பாக மிதந்துகொண்டிருக்கும். சட்டென்று முங்கும். எங்கே எழும் என்று மனசுக்குள் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு காத்திருங்கள். நான் பத்துக்கு எட்டுத் தடவை தப்பாகத்தான் குறிப்பேன். அது தண்ணிக்குள் இருக்கும் அந்தச் சில நொடி, வேறு எதுவும் உள்ளே வராது. குடிக்கிற ஆசை ஏறி இறங்க எனக்கு அரை மணிக்கு மேல் ஆனதில்லை. அந்த அரை மணியை அந்தக் குருவியிடம் கொடுத்துவிடுங்கள். போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒவ்வொரு வாரமும் புது இடம் தேட வேண்டாம், அதே கரை, அதே இடம். தெரிந்த இடத்தில்தான் போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இதெல்லாம் மாத்திரைக்கும் டாக்டருக்கும் மாற்று இல்லை. குடியை விட்டவர்கள் கூடுகிற புதன்கிழமைக் கூட்டத்துக்கும் தவறாமல் போங்கள். நிறுத்திய புதிதில் உங்களுக்கு வலிப்பு வந்தபோது காப்பாற்றியது ஆஸ்பத்திரிதான், குளமோ காடோ இல்லை.

அப்புறம் ஐப்பசிக் கல்யாணம். மாமன் வீட்டு விசேசத்துக்குப் போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று கேட்டீர்கள். அப்பாரு ஒரு பழக்கம் வைத்திருந்தார். மழை பெய்து கொரங்காட்டில் பச்சை தலைகாட்டினதும் எல்லோருக்கும் மாட்டை ஓட்டிவிடத் தோன்றும். அவர் விடமாட்டார். புல் வேர் பிடித்து, வளர்ந்து, கதிர் விடுகிற வரைக்கும் வேலி வாசலில் கதவாக இருக்கிற படலைக் கட்டியே வைத்திருப்பார். மாடு வெளியே நின்று கத்தும், பார்க்கப் பாவமாக இருக்கும். அவசரப்பட்டு விட்டால் இளம்புல்லை வேரோடு பிடுங்கிவிடும் என்பார். நீங்களும் முகூர்த்தத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு, மத்தியானமே கிளம்பிவிடுங்கள். ராத்திரி பந்தலுக்குப் பின்னால் நடக்கும் குடிக் கச்சேரிக்கு இந்த வருசம் படல் கட்டியே இருக்கட்டும். யாராவது ஏதாவது கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்டுக்குள் இருக்கிற நம் வீட்டுக்கு, சாளைக்கு வந்துவிடுங்கள். மேற்கு வேலியில் ஆடு நுழைகிற அளவுக்கு இரண்டு சந்து விழுந்திருக்கிறது. மழைக்கு முன்னால் அடைக்க வேண்டும். முழங்கை நீளத்தில் நடுவதற்குக் கிளுவைப் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நிழலில் போட்டு வைத்திருக்கிறேன், நீங்கள் குழி போட்டால் நான் நட்டுவிடுவேன். முள் குத்தும், கனமான செருப்பாகப் போட்டு வாங்க. உங்க அக்கா பச்சைப்பயறு கடைவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா