கழற்றியதைக் குப்பையில் போடாதீர்கள்

என் தங்கைக்குச் சிகிச்சை அளித்த டர்பன் தனியார் மருத்துவமனையின் நிர்வாகத்தாருக்கும் அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்கும்,

வணக்கம். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதினேன். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று இயந்திரம் மூன்று முறை பதில் போட்டது. எந்த மொழியில் எழுதினாலும் படிக்கப்போவதில்லை என்றால், எனக்கு வசதியான மொழியிலேயே எழுதிவிடலாமே என்று தமிழுக்கு வந்துவிட்டேன். டர்பனின் இந்தச் சாட்ஸ்வர்த் பகுதியில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேராவது இருக்கிறோம். யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள்.

தங்கையின் கோப்பு உங்களிடம் இருப்பதால் பழைய கதைக்குள் போகவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு அவள் மார்பில் வைத்த சிலிகோன் பைகளில் இடப்பக்கத்துப் பையை மார்ச் மாதம் எடுத்தீர்கள். பையையும், அதைச் சுற்றி இறுகிப்போயிருந்த நார் உறையையும் எடுத்தீர்கள். ஆய்வக முடிவு எப்போது வரும் என்று கேட்டேன். "அதெல்லாம் கழிவோடு போய்விட்டதே" என்றார் தாதி. ஒரு துண்டுகூட ஆய்வகத்துக்குப் போகவில்லை.

மருத்துவரோ, "அவர் உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை" என்று ஒரே வரியில் முடித்தார். அந்த வரியை அவள் இன்றும் சுமந்துகொண்டிருக்கிறாள். புற்றுநோய் வந்ததும் தன் உடம்பின் குற்றம், பை கல்லானதும் தன் உடம்பின் குற்றம் என்று நினைக்கிறாள்.

அந்தப் பையை எடுப்பதற்கு முன்பு, மகன் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கப் போனோம். தையற்கார அம்மா டேப்பை வைத்துப் பார்த்தார். எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். இடப்பக்கம் இரண்டு விரற்கடை மேலே ஏறி, உருண்டு, தொட்டால் தேங்காய் ஓடுபோல இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து தங்கை அழுதது அந்தக் கூலிக்காக.

உடம்பு என்ன செய்தது என்று நானும் கொஞ்சம் படித்தேன். அன்னியப் பொருள் உள்ளே வந்தால் வெள்ளணுக்கள் அதை விழுங்கப் பார்க்கும். முடியாவிட்டால் கொலாஜன் நாரால் சுற்றி ஒதுக்கி வைக்கும். எல்லாருக்கும் இது நடக்கும். பெரும்பாலும் அந்த உறை மெல்லியதாக, மிருதுவாக நின்றுவிடுகிறது. ஆனால் தோலிலும் பால் நாளங்களிலும் சாதுவாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமிகள், பையை உள்ளே வைக்கும்போது அதில் ஒட்டிக்கொள்ளலாம். தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் பாசி படிவதுபோல, வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கும். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. அழற்சி மட்டும் ஓயாமல் எரிந்துகொண்டிருக்கும். உறை தடித்து, சுருங்கி, பையை நெருக்கும். அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மாத்திரையால் ஒழிப்பது கடினம். பஞ்சால் துடைத்து எடுத்தாலும் சோதனையில் சிக்காமல் போகலாம். கழற்றிய பையை மீயொலியால் உலுக்கி ஒட்டியிருப்பதை உதிர்த்துப் பார்க்கும் முறை இருக்கிறது. இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

கிருமிதான் காரணம் என்று நான் சாதிக்கவில்லை. ரத்தக் கட்டாலும் கதிர்வீச்சாலும்கூட இப்படி இறுகும். இடப்பக்கத்துக்கு நீங்கள் கதிர்வீச்சைக் காரணம் காட்டியபோது வாயை மூடிக்கொண்டேன். இப்போது கதிர்வீச்சே படாத வலப்பக்கமும் இறுகத் தொடங்கியிருக்கிறது. இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்? இடப்பக்கத்து உறை ஆய்வகத்துக்குப் போயிருந்தால் ஏதாவது தெரிந்திருக்கும். ஆகவே கேட்கிறேன்: கழற்றியதை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

அவளுக்கு வைத்தது எந்த நிறுவனத்துப் பை, வழுவழுப்பானதா சொரசொரப்பானதா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பையின் விவரம் எழுதிய அட்டை கொடுக்கவில்லை. 2019 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கேட்டுக்கொண்ட பிறகு, அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகைச் சொரசொரப்புப் பைகளை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. உறையிலும் அதைச் சுற்றித் தேங்கும் நீரிலும் உண்டாகும் அரிய நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். ஏற்கெனவே ஒரு புற்றுநோயைத் தாண்டி வந்தவளுக்கு, அவளுக்குள் இருப்பது எது என்று சொல்ல ஓர் அட்டை இல்லை. உங்கள் பில்லில் கையுறைக்கும் பஞ்சுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. பையின் தொகுதி எண்ணுக்கு மட்டும் இடம் போதவில்லை போலும். ஆனால் தீபாவளி வாழ்த்து வருடந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது, பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல். கோப்புப் பராமரிப்பில் குறை சொல்ல முடியாது!

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். உங்கள் செவிலியர்கள் அவளை அன்பாகவே கவனித்தார்கள், அதை மறக்கவில்லை.

அடுத்த மாதம் வலப்பக்கத்துக்காக அவள் மறுபடியும் உங்களிடம்தான் வருகிறாள். பையின் விவரம் எழுதிய அட்டையைக் கையில் கொடுங்கள். உறையின் துண்டையும், நீர் இருந்தால் அந்த நீரையும், கழற்றிய பையையும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செலவு அதிகம் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், கட்டிவிடுகிறோம். அன்று காலை அறுவை அறை வாசலில் நான் உட்கார்ந்திருப்பேன். ஆய்வகச் சீட்டு எழுதியாயிற்றா என்று கேட்பேன். தயவுசெய்து இந்த முறை "ஆயிற்று" என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் அக்காள்,
சாட்ஸ்வர்த்